இந்த முகவரியில் இல்லை

டெல்ஃபியா ஸ்லோன் இருபத்துநாலு வருஷமாகக் கென்டக்கி மலைகளுக்குள் தபால் போடுகிறவள். நானூற்றுப் பன்னிரண்டு பெட்டிகள், அறுபத்தேழு மைல், ஏழு ஓடைப்பாலங்கள், கணக்கில் அடங்காத நாய்கள். சொந்த ஜீப்தான். ஸ்டியரிங் மட்டும் வலது பக்கம் இருக்கும், இறங்காமலே கையை நீட்டிப் பெட்டியில் போடுவதற்காக. கவரைத் தொட்டாலே உள்ளே என்ன என்று சொல்லிவிடுவாள். ஜன்னல் வைத்தது ஆஸ்பத்திரி, தடித்த பழுப்பு வக்கீல், மூலையில் மாநில முத்திரையோடு மெல்லிசாக வந்தால் மெடிகெய்டு. எங்கள் பக்கத்தில் பாதி வீடுகள் நோய்நொடிக்கு அந்த அரசாங்கக் காப்பீட்டைத்தான் நம்பியிருக்கின்றன.

"இதக் குப்பையில போட்டுடாதீங்க. வருஷா வருஷம் எழுதி அனுப்பலேன்னா கார்டு செத்துப்போயிடும். அப்புறம் நெஞ்ச புடிச்சுக்கிட்டுப் போனா வாசலோட அனுப்பிடுவாங்க" என்று பெட்டியோரம் நிற்கிற கிழவர்களை அதட்டிக் கொடுப்பாள். அவர்களும் பயந்துபோய் அங்கேயே கிழித்துப் படிப்பார்கள்.

ஊருக்குத்தான் உபதேசம். தன் மகன் கோல்பியின் பெயருக்கு வந்த அதே கவரை அவள் என்ன செய்தாள் என்பதுதான் இந்தக் கதை.

கோல்பிக்கு வயது முப்பத்தொன்று. மின்கம்பிகளில் உரசும் மரக்கிளைகளை ஏறி வெட்டுகிற கம்பெனியில் வேலை பார்த்தான். இருபத்துநாலு வயதில் ஓக் மரத்திலிருந்து விழுந்து முதுகு போனது. டாக்டர் கொடுத்த வலி மாத்திரை முதுகைவிட்டு ஆளையே பிடித்துக்கொண்டது. பிறகு டாக்டர் மாத்திரையை நிறுத்தினார், இவனால் நிறுத்த முடியவில்லை. மாத்திரை போய்ப் பொடி வந்தது, பொடி போய் ஊசி வந்தது. அப்பா எர்ல் செத்ததுகூட இவன் தெளிவாக இல்லாத ஒரு நாளில்தான். டெல்ஃபியா அதையும் பொறுத்தாள்.

பொறுக்காமல் போனது பிப்ரவரியில். ஒரு திங்கட்கிழமை காலை சாவியைத் திருப்பினால் ஜீப் உழவு டிராக்டர் மாதிரி உறுமுகிறது. குனிந்து பார்த்தாள். புகைக்குழாயின் நடுவே இருக்கிற கன்வெர்ட்டரை யாரோ ரம்பத்தால் அறுத்து எடுத்திருந்தார்கள். அதற்குள் விலை போகிற உலோகம் இருக்கிறது, பழைய இரும்புக்காரன் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்வான். யாரோ என்ன யாரோ. மரம் வெட்டுகிற ரம்பம் அந்த வீட்டில் ஒருத்தனிடம்தான் இருந்தது.

அன்று நானூற்றுப் பன்னிரண்டு பெட்டிகளுக்கும் அவள் உறுமிக்கொண்டே போனாள். ஒவ்வொரு வாசலிலும் ஆட்கள் வெளியே வந்து பார்த்தார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை. திரும்பி வந்ததும் மகனின் துணிகளை வாரி முற்றத்தில் எறிந்தாள்.

"போடா. எங்கயாவது போய்த் தொலை. உன்னப் பெத்த வயித்துல பிரண்டையத்தான் கட்டிக்கணும்."

அவன் எங்கேயும் போகவில்லை. போக இடமும் இல்லை. எர்ல் மீன்பிடிக்கப் போகும்போது இழுத்துப்போக வாங்கிய ஒரு பழைய தகர வண்டிவீடு பின்னால் ஓடைக்கரையில் சக்கரம் புதைந்து கிடந்தது. அதற்குள் போய்ப் படுத்துக்கொண்டான். அடுப்படி ஜன்னலிலிருந்து எண்பது எட்டு வைத்தால் வந்துவிடும். அவன் விளக்குப் போடுவது இவளுக்குத் தெரியும், அவன் இருமுவதும் கேட்கும். ஆனால் சர்ச்சில் யாராவது "கோல்பி எங்க இருக்கான்?" என்று கேட்டால், "எனக்கென்ன தெரியும்" என்பாள். பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். அந்த வருஷம் ஸ்லோன் வீட்டில் பித்துக்கு இடமே இல்லாமல் போயிற்று, எல்லாம் கல்லுதான்.

மார்ச் பதினொன்றாம் தேதி வழக்கம்போல் சுற்றின் கடைசியில் தன் வீட்டுப் பெட்டிக்கு வந்தாள். தட்டில் இரண்டே இரண்டு இருந்தன. ஒன்று மளிகைக்கடை விளம்பரத் தாள். இன்னொன்று மெல்லிய கவர், மூலையில் மாநில முத்திரை, 'கோல்பி ஈ. ஸ்லோன்'. அது என்ன கவர் என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் அந்த மாவட்டத்தில் இல்லை. ஓடைப்பக்கம் வண்டிவீட்டின் திரை மூடியிருந்தது. உறுமல் நிற்காத ஜீப் அவள் தொடையை அதிரவைத்துக்கொண்டிருந்தது. பேனாவை எடுத்து, கவரின் முகத்தில், இருபத்துநாலு வருஷப் பழக்கத்தில் வந்த அழகான கையெழுத்தில் எழுதினாள்: 'இடம் மாறிவிட்டார். முகவரி தரவில்லை.' தேதி போட்டாள். திரும்பிப் போகிற கடிதக் கட்டுக்குள் செருகினாள். விளம்பரத் தாளை மட்டும் பெட்டிக்குள் போட்டாள்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. ஆனால் டெல்ஃபியாவுக்கு அப்போது ஆத்திரம்கூட இல்லை, அதுதான் கொடுமை. ஒரு வேலை முடிந்த மாதிரி இருந்தது. போய்ப் பீன்ஸும் சோளரொட்டியும் வயிறாரச் சாப்பிட்டாள்.

ஜூலையில் ஒரு நாள் மத்தியானம் வண்டிவீட்டின் படியில் கோல்பி உதடு நீலம் பாய்ந்து கிடந்தான். இவள்தான் பார்த்தாள். எங்கள் பக்கத்துத் தபால் வண்டிகளில், போதை மிஞ்சி மூச்சு நின்றவர்கள் மூக்கில் அடிக்கிற மாற்று மருந்து ஒரு டப்பா எப்போதும் இருக்கும். யார் வீட்டுப் படியில் யார் கிடப்பார்கள் என்று சொல்ல முடியாது. இரண்டு தடவை அடித்தாள். மூன்றாவதுக்கு மருந்து இல்லை, அப்போதுதான் மூச்சு வந்தது. அன்றிலிருந்து அவனை வீட்டுக்குள் கூட்டி வந்து சோபாவில் போட்டுக்கொண்டாள். அதிகம் பேசிக்கொள்ளவில்லை. பிறகு செப்டம்பரில் ஒரு காலை, அவள் காப்பி ஊற்றிக்கொண்டிருக்கும்போது, யாரும் கேட்காமலே அவன் சொன்னான்.

"அம்மா, நான் உள்ள போய்ப் படுத்துக்கிறேன். தொண்ணூறு நாள். போதைய விடவெக்கிற எடத்துக்கு ஃபோன் போட்டேன்."

ஏழு வருஷத்தில் விட்டுவிடுகிறேன் என்று அவன் வாயிலிருந்து தானாக வந்த முதல் வார்த்தை அது. ஒரு கட்டில் காலியாக இருந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணிவரை பிடித்துவைப்பதாகச் சொன்னார்கள். அதற்குப் பின்னால் வரிசையில் பதினேழு பேர். கார்டு எண்ணைக் கேட்டார்கள். சொன்னான். அந்தப் பக்கம் தட்டிப் பார்த்துவிட்டு, "இது உயிரோட இல்லீங்களே" என்றார்களாம்.

டெல்ஃபியா காப்பியைத் தரையில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

காப்பீட்டுக்கு எழுதிக்கொடுத்து உதவி செய்கிற மர்லீன் செவ்வாய்க்கிழமைதோறும் ஊர் நூலகத்தில் உட்காருவாள். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய வாய். சம்பளம் மாவட்டம் கொடுக்கிறது, கோபம் அவள் சொந்தச் செலவு. குழந்தைகள் புத்தக அலமாரிக்குப் பக்கத்தில் அவள் மேஜை. அன்று அம்மாவும் பிள்ளையும் குழந்தைகள் உட்காருகிற குட்டி நாற்காலிகளில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தார்கள்.

"கார்டு ஏப்ரல் கடைசியோட போயிருச்சே, தங்கம்" என்றாள் மர்லீன், திரையைப் பார்த்தபடி. "ஏன்னு பாப்போம். இந்தா, அவங்க பாட்டக் கேளுங்க." மாநில அலுவலகத்துக்கு ஃபோன் போட்டு மேஜைமேல் வைத்தாள். ஆள் எடுக்கும்வரை நாற்பத்தைந்து நிமிஷம் பியானோ வாசித்தார்கள். "என் சாவுக்கும் இதத்தான் போடப்போறாங்க. இத்தன நாள் கேட்ட பாவத்துக்கு" என்றாள்.

"ஏப்ரல்லயே போயிருச்சா?" என்று கோல்பி கேட்டான். "நான் மே மாசம் டவுன் கிளினிக்குக்குப் போனேன். ஊசிய விடுறதுக்கு நாக்குக்கு அடியில வெக்கிற மருந்து கேட்டு. கார்டு செல்லாதுன்னு சொன்னாங்க. பழைய கார்டு போல, அதான்னு நெனச்சு வந்துட்டேன்."

டெல்ஃபியா திரும்பினாள். "நீ கிளினிக்குக்குப் போனியா? எப்புடிப் போன?"

"நடந்துதான். வண்டி ஏது?"

"ஒம்பது மைலுடா."

"ஆமா. திரும்பி வர்றப்போ பதினெட்டு மாதிரி இருந்துச்சு" என்று சிரித்தான்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். டெல்ஃபியாவுக்கு நெஞ்சு குறுகுறுக்கவில்லை, அடித்து நொறுக்கியது. மே மாதம் அவனே நடந்து போயிருக்கிறான். மருந்து கிடைத்திருந்தால் ஜூலை இல்லை. அந்தப் படி இல்லை, அந்த நீல உதடு இல்லை.

பியானோ நின்று ஒரு பெண் குரல் வந்தது. மர்லீன் விவரம் சொன்னாள். அந்தக் குரல் எழுதியிருப்பதை வாசித்தது: "புதுப்பிக்கிற படிவம் மார்ச்சில அனுப்பியிருக்கோம். திரும்பி வந்துருச்சு. 'இடம் மாறிவிட்டார், முகவரி தரவில்லை.' தபால்காரர் கையால எழுதியிருக்கார். அதனால ஆள் இருக்குமிடம் தெரியலன்னு மூடிட்டோம். திரும்பத் தொறக்கணும்னா அவர் எங்க இருக்காருன்னு சாட்சி வேணும். வீட்டு ரசீது, வாடகைச் சீட்டு, ஓட்டுநர் உரிமம்."

"அதெல்லாம் இருந்தா இவர் எதுக்கும்மா இங்க வர்றார்? காலாவதியான உரிமம்தான் இருக்கு" என்றாள் மர்லீன்.

"அப்போ வீட்டுக்காரங்க கைப்பட ஒரு கடிதம் தரணும். எப்ப இருந்து இருக்கார்னு போடணும். அவர் எழுதிக்கொடுத்ததும் இதுவும் ஒத்துப்போகணும். ஒத்துப்போகலேன்னா பரிசீலனைக்குப் போகும். மூணு வாரம் ஆகும்."

"வெள்ளிக்கிழமை கட்டில் போயிரும்மா!"

"ஒத்துப்போனா ரெண்டு நாள்ல முடிச்சிரலாம்."

கோல்பி ஏற்கெனவே படிவத்தை நிரப்பிக் கையெழுத்துப் போட்டிருந்தான். 'இந்த முகவரியில் எப்போதிலிருந்து?' என்ற கட்டத்தில் அவன் எழுதியிருந்ததை மர்லீன் உரக்கப் படித்தாள்: "பிறந்ததிலிருந்து." படித்துவிட்டு அவளே கொஞ்சம் தடுமாறினாள். "சரி. இவர் பொறந்ததுல இருந்து அங்கதான் இருக்கார்னு நாம சொல்றோம். தபால்காரன் இல்லேன்னு எழுதியிருக்கான். எவன் அவன்? டெல்ஃபியா, அது உங்க சுத்துதானே?"

"என் சுத்துதான்."

"அம்மா லீவு போடுற நாள்ல லோனி வருவான்ல? அவனாத்தான் இருக்கும்" என்றான் கோல்பி. "சோம்பேறி. நாய் குரைச்சாக்கூட ஆளில்லன்னு எழுதிட்டுப் போயிடுவான். அம்மா எழுதியிருக்க மாட்டா. செத்துப்போனவங்களுக்கு வர்ற லெட்டரக்கூடப் பொண்டாட்டி கையில கொண்டு குடுக்கிறவ."

"அப்போ லோனி மேல போஸ்ட்மாஸ்டருக்கு ஒரு புகார் எழுதுவோம். அதையும் இதோட சேத்துக் கட்டினா அசைக்க முடியாது" என்று மர்லீன் புதுத் தாளை உருவினாள். "அந்தப் பயலுக்கு வேலை போனாத்தான் புத்தி வரும். ஒரு கிறுக்கல்ல ஒரு உசிரு போயிருக்கும்!"

டெல்ஃபியாவுக்கு வழி திறந்தே இருந்தது. ஒரு சொல்லும் பேச வேண்டாம். லோனிக்கு ஒரு சமாதானம் பிறகு சொல்லிக்கொள்ளலாம், மகனுக்குக் கட்டில் கிடைத்துவிடும். அந்த எண்ணம் வந்தது, பொய் சொல்லவில்லை, வந்தது. பக்கத்தில் மகன் குட்டி நாற்காலியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு, அம்மா எழுதியிருக்க மாட்டாள் என்று சொன்ன அதே வாயோடு உட்கார்ந்திருந்தான்.

"லோனி இல்ல" என்றாள்.

"பின்ன யாரு?"

"நான்தான் எழுதினேன்."

மர்லீன் உருவிய புகார்த் தாளை மேஜைமேல் வைத்துவிட்டாள்.

"அன்னிக்கி நீ வண்டிவீட்டுலதான் இருந்த. எனக்குத் தெரியும். திரை மூடியிருந்துச்சு" என்று டெல்ஃபியா மகனைப் பார்க்காமல் சொன்னாள். "என்ன கவருன்னும் தெரியும். தெரிஞ்சுதான் எழுதினேன். உன்ன எங்கயும் இல்லாம ஆக்கணும்னு இருந்துச்சு எனக்கு."

கோல்பி எழுந்தான். குட்டி நாற்காலி அவனோடு ஒட்டிக்கொண்டு எழுந்து கீழே விழுந்தது. அதை நிமிர்த்தி வைத்துவிட்டு வெளியே போனான்.

"போய்ப் பாருங்க" என்றாள் மர்லீன்.

"எழுதிட்டுப் போறேன். காகிதத்தக் குடுங்க."

கையெழுத்து அன்றைக்கு அழகாக வரவில்லை. 'என் மகன் கோல்பி எர்ல் ஸ்லோன் பிறந்ததிலிருந்து என் முகவரியில்தான் இருக்கிறான். மார்ச் பதினொன்றாம் தேதியும் அங்கேதான் இருந்தான். தபால்காரி நான்தான். அவன் இல்லை என்று நான் எழுதியது பொய்.' கையெழுத்துப் போட்டுவிட்டுத் தாளை நீட்டினாள். மர்லீன் அதைப் படித்து, "இத போஸ்ட்மாஸ்டர் பாத்தா உங்க வேலை…" என்று இழுத்தாள்.

"அவர்கிட்ட நானே சொல்லிக்கிறேன். நீங்க அனுப்புங்க."

வெளியே வந்து தெருவைப் பார்த்தாள். நூலகத்துக்கு எதிரே பெட்ரோல் பங்க், அதன் பின்னால் எப்போதும் நான்கு பேர் நிற்பார்கள், அவர்களில் எவனிடம் என்ன கிடைக்கும் என்பது ஊருக்கே தெரியும். அவன் அங்கே போயிருந்தால் அதுவும் அவள் எழுதினதுதான். ஜீப்பை நோக்கி நடந்தாள். இடது இருக்கையில் கோல்பி உட்கார்ந்திருந்தான். கதவுக் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தான், இறங்காமல் இருப்பதற்காகப் பிடித்திருந்த மாதிரி இருந்தது.

மூன்று நாள் அவன் பேசவில்லை. கொடுத்ததைச் சாப்பிட்டான், வியர்த்தான், நடுங்கினான், சோபாவில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். புதன்கிழமை காலை டெல்ஃபியா போஸ்ட்மாஸ்டரிடம் போய்ச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். அந்த வாரச் சுற்றை முடித்துக் கொடுத்துவிட்டுப் பதினாலு நாள் சம்பளமில்லாமல் வீட்டில் இருக்கச் சொன்னார், ஏட்டிலும் ஏறும் என்றார். "நீயா டெல்ஃபியா?" என்று மட்டும் இரண்டு தடவை கேட்டார். அந்தக் கேள்விக்கு வேலையே போயிருக்கலாம் என்று இருந்தது அவளுக்கு.

வியாழக்கிழமை சாயந்தரம் மர்லீன் ஃபோனில் கத்தினாள்: "உசிரு வந்துருச்சு! கார்டுக்கு உசிரு வந்துருச்சு, தங்கம்! தொண்ணூறு நாளும் அவங்களே பாத்துக்குவாங்க!"

வெள்ளி, சனி இரண்டு நாள் சுற்றையும் லோனி எடுத்துக்கொண்டான், இவர்கள் காலையிலேயே கிளம்பினார்கள். இரண்டு மாவட்டம் தாண்டி ஒன்றரை மணி நேரம். மலை இறங்குகிறவரை கோல்பி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தான். அந்த இடத்தின் வாசலில் வண்டியை நிறுத்தினாள். மணி பதினொன்று இருபது. அவன் பையை மடியில் வைத்துக்கொண்டு இறங்காமல் இருந்தான்.

"அன்னிக்கி திரை மூடித்தான் இருந்துச்சு. ஆனா நான் ஓரமா பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றான். "உன் ஜீப்புச் சத்தம் அரை மைலுக்கு முன்னாடியே கேக்கும்ல. தெனம் அந்தச் சத்தம் கேட்டா எந்திரிச்சுப் பாப்பேன்."

டெல்ஃபியா சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தாள்.

"பெட்டிக்கிட்ட நின்ன. பேனா எடுத்த. ரொம்ப நேரமா எழுதின. நூலகத்துல நீ சொன்னப்புறந்தான் அந்த நாளு ஞாபகம் வந்துச்சு." பையின் வாரை இழுத்துவிட்டான். "எனக்குத்தான் ஏதோ எழுதுறேன்னு நெனச்சேம்மா. உள்ள வந்து சாப்புடுன்னோ, இல்ல செத்துப்போன்னோ, ஏதோ ஒண்ணு. நீ வீட்டுக்குள்ள போனதும் ஓடிப்போய்ப் பெட்டியத் தொறந்து பாத்தேன்."

அதில் என்ன இருந்தது என்று அவளுக்குத் தெரியும். அதனால் கேட்கவில்லை.

"கோழிக்கால் விலை கம்மின்னு போட்டிருந்துச்சு" என்று சொல்லிவிட்டு இறங்கினான். கதவைச் சாத்தப் போனவன், "மொத ரெண்டு வாரம் ஃபோன் கெடையாதாம். லெட்டர் மட்டும்தான்" என்றான். போய்விட்டான்.

டெல்ஃபியா அழுதாள். யாருக்கும் தெரியாமல் அல்ல, வாசலில் நின்ற காவலாளி வந்து தண்ணீர் கொடுக்கிற அளவுக்கு அழுதாள். மன்னிப்பான், மன்னிக்கமாட்டான் என்பதெல்லாம் அப்போது அவள் மனதில் இல்லை. கடிதமில்லாத பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டு நின்ற ஒரு பையன்தான் இருந்தான்.

மறுநாள் அடுப்படி மேஜையில் காகிதத்தோடு உட்கார்ந்தாள். இருபத்துநாலு வருஷத்தில் எத்தனையோ லட்சம் கடிதங்களைக் கொண்டுபோய்ப் போட்டவள், தன் கையால் ஒன்று எழுதி எத்தனை காலமாயிற்று என்று அவளுக்கே நினைவில்லை. சமாதானமாக எழுதிய நாலு தாள்களைக் கிழித்தாள். ரம்பத்தைப் பற்றியும் ஜீப்பைப் பற்றியும் எழுதின தாளையும் கிழித்தாள். கடைசியில் மூன்று வரி நின்றது. கவரில் அவன் பெயரை எழுதி, மூலையில் அனுப்புநர் என்ற இடத்தில் வீட்டு முகவரியைப் போட்டாள். சாலைக்குப் போய்ப் பெட்டியில் வைத்து, எடுத்துப்போக ஆள் வேண்டும் என்று காட்டுகிற சிவப்புக் கொடியைத் தூக்கிவிட்டாள்.

பிறகு காத்திருந்தாள். தபாலுக்காகச் சாலையோரம் நிற்பது அவளுக்கு அதுதான் முதல் தடவை. அவளுக்காக இப்படித்தான் நானூறு வீடுகளிலும் நின்றிருப்பார்கள். லோனி வழக்கம்போல் இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தான்.

"என்னக்கா, என்மேல புகார் எழுதப் பாத்தாங்களாமே? மர்லீன் சொன்னா."

"பாத்தாங்க. தப்பு என்னுது, லோனி. உன் பேரு அதுல வந்ததுக்கு நீ என்னை மன்னிக்கணும்."

"விடுக்கா. எப்பிடியும் ஒரு நாளு என்மேல எழுதத்தான் போறாங்க" என்று சிரித்துக்கொண்டே பெட்டிக்குள் கையை விட்டுக் கவரை எடுத்தான். பெயரைப் படித்தான். சிரிப்பை விட்டுவிட்டான். மற்றக் கடிதங்களோடு கட்டுக்குள் செருகாமல், முன்னால் கண்ணாடியோரம் தனியாக நிமிர்த்தி வைத்தான். கொடியை இறக்கிவிட்டு வண்டியை எடுத்தான்.

அந்தக் கவருக்குள் இருந்த மூன்று வரி இவ்வளவுதான்: 'கோல்பி, அன்று நீ பெட்டியில் தேடின கடிதம் இதுதான். ஆறு மாதம் தாமதம், அது என் தப்பு. உள்ளே வந்து சாப்பிடு.'